ஒன்றரை முழம்

நெஞ்சில் மூன்று பொத்தான்கள் ஒட்டினாள்.
மயிர் மழித்த இடம் வழியாகக்
குன்னூர்க் குளிர் நேராக உள்ளே வந்தது.

ஷமீனா, உடலியல் ஆய்வு.
ஸ்டேஷன் ஓய்வறையில்
டீக்கறை மேஜைமேல் மடிக்கணினி.
"சிவப்பு எரிந்தால் அழுத்துங்கள் ஜோகி,
அவ்வளவுதான்."

அழுத்தினேன்.
பத்தொன்பது வருடமாக வேறென்ன செய்கிறேன்?
மூன்றாம் பெட்டியின் படியில் நின்று
எஞ்சின் கூவினால் பிரேக் சக்கரத்தைத் திருகுகிறேன்.
தோள், இடுப்பு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் கழித்து
என் வேலையை ஒரு விரலுக்குச் சுருக்கியிருந்தாள்.

"இனி ஆயிரத்திலிருந்து ஏழேழாகக்
கழித்துக்கொண்டே அழுத்துங்கள்."

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.
தொள்ளாயிரத்து எண்பத்தாறு.
சிவப்பு.
தொள்ளாயிரத்து... எழுபத்தொன்பது.
சிவப்பு, அது அணையப் போகும்போது என் விரல்.

திரையில் துடிப்புகள் நெருங்கின.
அதுவரை முன்னே பின்னே நடந்த நெஞ்சு
பல்தண்டவாளத்தில் மாட்டிய வண்டிபோல
ஒரே சீராக ஏறியது.
நல்லதுதானே என்றேன்.
"இல்லை. மனசு இளைப்பாறும்போதுதான்
துடிப்பு இஷ்டத்துக்கு நடக்கும்.
சீராகிவிட்டால், சுமை ஏறிவிட்டது."

இன்னொன்றும் சொன்னாள்.
இதயம் ரத்தத்தைத் தள்ளும் அந்தத் துணுக்கு நேரத்தில்
கை கொஞ்சம் பிந்தலாமாம்.
"எல்லோருக்குமா?"
"சிலருக்கு. சில சோதனைகளில்.
அதைப்பற்றி இன்னும் சண்டை போடுகிறோம்."
அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.
ரயில்வே டாக்டர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் சட்டைக்குள் பொத்தான்களோடு இறங்கினேன்.
காட்டேரியில் வெயில், ரன்னிமேடில் வெள்ளை,
பாலத்துக்குக் கீழே எதுவும் இல்லை, சத்தம் மட்டும்.
ஹில்குரோவ் தாண்டி ஒரு வளைவில்
விசில்.
திருகினேன்.
நின்றது.
தண்டவாளத்தில் அரிசி மூட்டை அளவு ஒரு கல்,
ராத்திரி மழையில் உருண்டது.
பயணிகள் இறங்கி அதனோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஷமீனா தாளை விரித்தாள்.
பதினான்கு விசில்.
பதின்மூன்றில், கூவுவதற்குச் சற்று முன்பே
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே
ஒரு சிறு நீட்டல்.
எதிர்பார்க்கிற இதயம் வேகம் குறைக்குமாம்.
எந்த வளைவில் கூவும் என்று
என்னிடம் கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிறது.

பதினான்காவதில் நீட்டல் இல்லை.
கல்லை யார் எதிர்பார்ப்பார்கள், அது சரி.
ஆனால் துடிப்புகள் அதற்கு முன்பிருந்தே
இறுகி, சீராக, அடுத்தடுத்து.
கை இருநூறு மில்லி செகண்ட் பிந்தியது.
"அப்போது ஏதாவது யோசனையா?"
பேனாவோடு காத்திருந்தாள். படிவத்தில் ஒரு கட்டம் காலி.
இல்லை என்றேன்.

முப்பத்துநாலாயிரத்து இருநூறு.
சொசைட்டிக் கடன் ஆறாயிரத்து ஐந்நூறு போக
இருபத்தேழாயிரத்து எழுநூறு.
கோயம்புத்தூரில் பெண்ணின் ஹாஸ்டல் ஒன்பதாயிரம் போக...
அந்தப் 'போக'வில் நின்றிருந்தேன்
விசில் வந்தபோது.

மணிக்குப் பதிமூன்று கிலோமீட்டர்.
வீட்டில் மின்கட்டண ரசீதின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்:
எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
மார்க்கெட்டில் பூ அளக்கும் சரசு கைக்கு
ஒன்றரை முழம்.
கல்லுக்கும் எஞ்சினுக்கும் நடுவே
பத்துப் பதினொரு முழம் மிச்சம் இருந்தது.
ஒன்றும் ஆகவில்லை.
ஆகாததற்கு எங்களிடம் ரிஜிஸ்டர் கிடையாது.

நெஞ்சில் மூன்று வட்டம் ஒரு வாரம் அரித்தது.
மாதி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு
"எந்த நோய்க்கு?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதெல்லாம் ஹில்குரோவில்
எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில்
அந்தக் கணக்கை இறக்கிவிடுகிறேன்.
இரு, குரங்குகளோடு இரு, அப்புறம் வருகிறேன்.
கேட்கிறது, பெரும்பாலும்.
சில நாள் மட்டும்
கல்லாறு பிளாட்பாரத்தில்
எனக்கு முன்பே போய் நிற்கிறது.